மூணாந் தரம்

அச்சுமுறிச்சான் என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எந்தக் காலத்து அச்சுமுறிச்சானைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிற கண்டக்டர்கள் அந்தப் பக்கத்து பஸ்களில் இன்னும் இருக்கிறார்கள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, டிக்கெட்டைச் சரியாகக் கிழிக்க வேண்டுமே என்று கேட்கிறார்கள். இப்போது அது மேற்கு மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது, முன்பும் அங்கேதான் இருந்தது, நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் பயணத்தில் இருந்தது. அந்தக் கதையைப் பவுன்தாயியிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் ஊரே கிளம்பிப் போனபோது நான் வர மாட்டேன் என்று உட்கார்ந்த ஒரே ஆள் அவள்தான்.

பவுன்தாயி அந்த ஊர்க் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவள். குரல் என்றால் அப்படி ஒரு குரல். கீழே கத்தரிக்காய் என்ன விலைக்குப் போனது என்று மலைமேல் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். மற்ற சந்தைகளில் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று கூவி முடிப்பார்கள். அவள் அவளுடைய அப்பா கூவிய மாதிரியே மொதத் தரம், ரெண்டாந் தரம், மூணாந் தரம் என்றுதான் கூவுவாள், மூணாந் தரம் சொல்லும்போது வலது கையை ஓங்கி இடது உள்ளங்கையில் ஒரு அடி அடிப்பாள், அந்த அடி விழுந்துவிட்டால் அப்புறம் எந்த வியாபாரியும் வாய் திறக்க முடியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பா போனபிறகு தம்பி மொக்கராசுவைத் தூக்கி வளர்த்ததே பெரிய பாடாக இருந்தது, அதற்குள் கல்யாணத்துக்கு ஏது நேரம் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அந்த மொக்கராசு முதன்முதலாகத் தன் கையால் தக்காளி போட்டு, பறித்து, கூடை கூடையாகச் சந்தைக்குக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் எல்லாம் நடந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அக்கா கூவப்போகிறாள், தன் தக்காளி முதல் தரம் என்று ஊரே பார்க்கப்போகிறது என்று முகமெல்லாம் பல்லாக நின்றான். பவுன்தாயியும் கூவினாள். மொதத் தரம் ஆச்சு. ரெண்டாந் தரம் ஆச்சு. கேட்ட விலை அவளுக்குப் போதவில்லை, தம்பி போட்ட தக்காளியாச்சே, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று மூணாந் தரம் சொல்லாமல் ரெண்டாந் தரத்திலேயே இழுத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டாந் தரம்... பாத்துக் கேளுங்கப்பா... ரெண்டாந் தரம்... ரெண்டாந் தரம்..." கூட்டத்தில் ஒரு குறும்புக்கார வியாபாரி, "அதான் அக்காவே ரெண்டாந்தரம்னு சொல்லுதுல்ல, அப்புறம் எதுக்கய்யா மொதத் தர விலை?" என்று ஒரு போடு போட்டான். சந்தையே குலுங்கிச் சிரித்தது. ரெண்டாந்தரம், ரெண்டாந்தரம் என்று மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அலையில் பவுன்தாயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம். ஓடிப் போய்ப் பார்த்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான்.

"ஏண்டா, என்னடா ஆச்சு? அவன் ஏதோ வாய்க்கொழுப்புல சொன்னான், அதுக்குப் போயி..."

"அவன் சொன்னான், சரி. நீயும் சிரிச்சியேக்கா."

கிழக்கே போகிற பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவன் திரும்பிப் பார்க்காமல், "போறேன்" என்றான். அவ்வளவுதான். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவன்கூட போறேன் என்று சொல்ல மாட்டான். சாவு வீட்டில் பிணத்தைத் தூக்கும்போதுதான் அந்த வார்த்தை. பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்து, எத்தனையோ தக்காளி விலை ஏறி இறங்கி, அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பவுன்தாயி ஒவ்வொரு நாளும் ஏலம் முடிந்ததும் பஸ் ஸ்டாப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

இனி ஊருக்கு வருவோம்.

அச்சுமுறிச்சானை உண்டாக்கியவர்கள் கிழக்கே கரிசல் காட்டில் ஈச்சங்கரை என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். மழை பொய்த்து, கிணறு வறண்டு, மாடு எலும்பும் தோலுமாகப் போன ஒரு பொல்லாத காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஊர் எல்லையில் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, எல்லோரும் ஒரே குரலில் "போயிட்டு வாரோம் தாயே" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்கள். மேற்கே மேற்கே என்று வந்து, மலை அடிவாரத்தில் முன்வண்டியின் அச்சு முறிந்தது. சரி, புது அச்சு செதுக்கும் வரைக்கும் இங்கே தங்குவோம் என்று வண்டிகளை அவிழ்த்துப் போட்டார்கள். கூட வந்த ஆசாரி, ஈச்சங்கரையிலிருந்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்த கருவேலங்கட்டையை எடுத்து உளி வைத்தார். சும்மா இருக்கிற நேரத்துக்கு ஒருத்தி மடியில் முடிந்து வைத்திருந்த கேழ்வரகை விதைத்தாள், அது முளைத்தது. முளைத்ததை அறுக்காமல் எப்படிப் போவது? அறுத்தார்கள். அறுத்ததும் மறுபடி மழை வந்தது. மழை வந்தால் விதைக்காமல் எப்படி இருப்பது? இப்படியே அந்த அச்சு முடியாமல் கிடந்தது, ஊர் வளர்ந்தது.

முறிந்த அச்சை நட்டு அச்சம்மா என்று கும்பிட்டார்கள். முடியாத அச்சை அவளுக்கு முன்னால் கிடத்தி வைத்தார்கள். வருஷா வருஷம் பொங்கல் வைத்து முடித்ததும் ஆசாரி வம்சத்தில் ஒருவர் வந்து அந்தக் கட்டையில் உளியால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கிளம்பலாமா?" என்று கேட்பார். ஊரே கைதட்டிக்கொண்டு, "வேலை கெடக்கு! வேலை கெடக்கு!" என்று கத்தும். ஆசாரி உளியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார். அப்புறம்தான் பொங்கல் சோறு.

வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். மலைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி இறக்கினார்கள், தக்காளி, அவரை, முருங்கை என்று எது வைத்தாலும் வந்தது, சந்தை வந்தது, சந்தையைப் பார்த்து பஸ் வந்தது. பஸ் வந்ததும் பொம்முராஜுக்கு ஓர் ஆசையும் வந்தது. அவர்தான் அப்போது ஊராட்சித் தலைவர், நல்ல மனிதர், ஆனால் பக்கத்து ஊரில் ஏதாவது ஒன்று இருந்தால் நம் ஊரில் ரெண்டு இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். பக்கத்து ஊரில் ஒரு அருவி இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து குளித்துவிட்டுப் போனார்கள். உடனே பொம்முராஜ் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஒரு பெரிய போர்டு வைத்தார், பார்க்க வேண்டிய இடங்கள் என்று. அச்சம்மா கோயில், புளிக்காத புளியமரம், காய்கறிச் சந்தை. புளியமரத்தின் பழம் நிஜமாகவே தித்திக்கும், அதனால் அதைப் பார்க்க வந்தவர்கள் சந்தோஷமாகத் தின்றுவிட்டுப் போனார்கள். கோயிலில்தான் சிக்கல். "இது என்னங்க, முண்டும் முடிச்சுமா ஒரு கட்டை கெடக்கு?" என்று ஒரு வேன் கூட்டம் கேட்டுவிட்டது. தலைவருக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது.

ஊர் ஆசாரி சொர்ணலிங்கம் அப்போது மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். தலைவர் டவுனிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தார். நல்ல வேலைக்காரன், பாவம், அவனுக்கு என்ன தெரியும்? செதுக்கினான், கடைந்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், வார்னிஷ் அடித்தான். கட்டை கண்ணாடி மாதிரி மின்னியது. தலைவர் அதற்கு மாலை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

சொர்ணலிங்க ஆசாரி பஸ்ஸை விட்டு இறங்கி, கோயிலுக்குள் கால் வைத்து, அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடப் பாவிகளா! அச்சு முடிஞ்சுபோச்சேடா!"

மறுநாள் காலையில் ஊர் கிளம்பிவிட்டது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பால்காரர்தான் சொன்னார், எப்போதும் புளியமரத்து நிழலில் நிறுத்துகிற சைக்கிள் இன்றைக்கு வெயிலில் நிற்கிறதே என்று. போய்ப் பார்த்தால் சைக்கிள் நேற்று நிறுத்திய இடத்திலேயே நின்றது, மரம்தான் நகர்ந்திருந்தது. மரம், கோயில், வீடுகள், சந்தை, தோட்டம், கிணறு எல்லாம் அப்படியே சேர்ந்தாற்போல் கிழக்குப் பக்கம் போயிருந்தன. பஸ் ஸ்டாப்பும் அதன் எதிரில் போர்டும் மட்டும் வரவில்லை, அவை அரசாங்கப் பணத்தில் வைத்தவை, ஈச்சங்கரைக்கு எந்த வாக்கும் கொடுக்காதவை. பள்ளிக்கூடம் ரெண்டுங்கெட்டானாகக் கொஞ்ச நாள் நின்றுபார்த்துவிட்டு, காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது.

வேகம் ஒன்றும் இல்லை. மேய்ந்துகொண்டே போகிற மாடு எவ்வளவு போகுமோ அவ்வளவுதான். ஆட்டம் குலுக்கல் கிடையாது, தொட்டிலில் கிடக்கிற மாதிரி லேசான ஓர் அசைவு. அந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் ஒன்றுகூட ராத்திரியில் அழவில்லை என்று தாய்மார்கள் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது, வாளியை மேற்குப் பக்கமாக இறக்க வேண்டும், பழகிவிட்டது. புளியமரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவரைப் போலக் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டது. மலைதான் பாவம், வழியனுப்ப வந்தவரைப் போல நின்ற இடத்திலேயே நின்று நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது. பெண்கள் கோலம் போட்டு நிமிரும்போது ஒரு பார்வை அதைப் பார்த்துக்கொண்டார்கள். வாய்க்கால் தன்னால் முடிந்த மட்டும் நீண்டு நீண்டு கூடவே வந்தது, தண்ணீர்தான் மெலிந்துகொண்டு போயிற்று.

வழியில் இருந்த ஊர்களும் பெரிய மனசோடு நடந்துகொண்டன. பஸ் சீட்டில் ஒருத்தர் வந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருவோம் அல்லவா, அந்த மாதிரி தள்ளிக்கொண்டு இடம் விட்டன. சில ஊர்க்காரர்கள் மோர் கொடுத்து அனுப்பினார்கள், ஓர் ஊரில் மட்டும் எங்கள் வரப்பு கலைந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தார்கள், அச்சம்மா கோயில் துன்னூறை நெற்றியில் பூசிவிட்டதும் சமாதானமாகிவிட்டார்கள். நாலு வழிச் சாலையைக் கடந்தபோது லாரிகளெல்லாம் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. கல்யாணப் பத்திரிகைகளில் மணமகன் வீட்டார், அச்சுமுறிச்சான், தற்சமயம் இன்ன ஊருக்கு வடக்கே என்று அடித்தார்கள். தபால்காரர் காலையில் கிளம்பும்போதே, "இன்னிக்கு எங்கப்பா இருக்கீங்க?" என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டார். பார்க்க வருகிற கூட்டமோ சொல்லி மாளாது. ஊர் எல்லையில் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை ஊரிலும் வைத்துக்கொண்டு, கால் விரிகிறதா என்று பார்த்துச் சிரிப்பதற்காகவே வேனில் வந்தார்கள். அவர்களுக்குச் சுண்டல் விற்க ஒரு கூட்டம். பொம்முராஜுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

"தலைவரே, கரிசக்காட்டுல போயி நம்ம தக்காளி எப்படிய்யா வரும்? தண்ணிக்கு எங்க போவீங்க?" என்று பவுன்தாயி ஒருத்திதான் சண்டை பிடித்தாள்.

"வாரேன்னு சொல்லிட்டு வந்துருக்காங்க பவுனு. பெரியவங்க சொன்ன சொல்லு. நாம என்ன செய்ய முடியும்?"

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனாள், அந்த மினுமினுப்புக் கட்டையை ரெண்டாக வெட்டிப்போட. ஆசாரி குறுக்கே நின்றார்.

"வெட்டுனா நின்னுரும் பவுனு. ஆனா எங்க வெட்டுறியோ அங்கேயேதான் நிக்கும். அங்கிட்டும் இல்லாம இங்கிட்டும் இல்லாம இந்தப் பொட்டக் காட்டுல நிக்கணுமா? அங்க போயி, சொன்ன சொல்லத் தீத்து, அந்த ஊரு மரத்துல புதுசா ஒரு கட்டை வெட்டிட்டு வரணும். அதுவரைக்கும் விடு."

விட்டுவிட்டு வந்தாள். ஆனால் அவளுடைய பயம் தண்ணீரைப் பற்றி மட்டும் இல்லை. தம்பி வந்தால் பழைய பஸ் ஸ்டாப்பில்தானே இறங்குவான்? இறங்கிப் பார்த்தால் வெறும் பொட்டலாக இருக்குமே? நான் வருவேன் என்று தெரிந்துதான் ஊரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைப்பானே? இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்ச நாள் தினமும் ஏலம் முடிந்ததும் பஸ் பிடித்துப் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். தூரம் ஏற ஏற, போய்த் திரும்புவதற்குள் பொழுது போய்விட்டது. ஒரு நாள் அடுப்பையும் ரெண்டு சட்டியையும் ஒரு பாயையும் எடுத்துக்கொண்டு வந்து பஸ் ஸ்டாப்பிலேயே தங்கிவிட்டாள்.

தலைவரே வந்து கூப்பிட்டுப் பார்த்தார். "அவன் என்ன வாரேன்னா சொல்லிட்டுப் போனான்? போறேன்னுல்ல சொன்னான்?"

"அதுக்குத்தான் தலைவரே உக்காந்துருக்கேன். வாரேன்னு சொன்னவங்களுக்காக ஊரே போகுது. சொல்லாதவனுக்கு யாராச்சும் ஒரு ஆளு உக்காந்துருக்க வேண்டாமா?"

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சந்தையில் வேறு யாரோ கூவினார்கள். ஏலம் நடந்தது, ஆனால் குளிர்ந்த காபி மாதிரி இருந்தது என்று வியாபாரிகளே சொன்னார்களாம்.

இதையெல்லாம் அவளுக்கு வந்து சொல்கிறவன் கண்டக்டர் தவசி. ஊரே இல்லாத ஸ்டாப்பில் அவளுக்காக மட்டும் பஸ்ஸை நிறுத்தி, ஊர்க்காரர்கள் கொடுத்தனுப்பிய காய்கறியை இறக்கி வைத்து, ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் விசில் கொடுப்பான். அவளைச் சுற்றி ஒன்றும் இல்லை. வீடுகள் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகச் செம்மண், கிணறு இருந்த இடத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை, ஊர் அதையும் கொண்டுபோயிருந்தது. எது எந்த வீடு என்று அவளுக்கு மனப்பாடம். காலையில் எழுந்ததும் ஒரு நடை நடந்து, இது ஆசாரி வீடு, இது சந்தை வாசல், இது நம்ம அடுப்படி என்று சொல்லிக்கொண்டே வருவாள், சொல்லாவிட்டால் புல் மூடிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். தம்பி தவழ்ந்த இடம் வரும்போது கொஞ்சம் நிற்பாள். எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று கேட்க வேண்டுமா? பவுனுக்கு மரை கழன்றுவிட்டது என்றார்கள்.

ஒரு நாள் தவசி பஸ் நிற்பதற்கு முன்பே படியிலிருந்து குதித்தான்.

"பவுனக்கா, போய்ச் சேந்துருச்சாம்! நேத்துக் காலைல ஈச்சங்கரைக்குப் போய் நின்னுருச்சாம்!"

"அப்படியா? அங்க என்ன இருக்காம்?"

"ஒண்ணுமில்ல, சீமைக் கருவேலந்தான். எல்லாரும் எறங்கி மண்ணத் தொட்டுக் கும்பிட்டு, வந்துட்டோம் தாயேன்னு அழுதாங்களாம். அப்புறம் ஒரு சங்கதி..." என்று சொல்ல வந்தவன், பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

மொக்கராசு இறங்கினான். மீசையில் நரை ஓடியிருந்தது. தலையில் ஒரு கூடை. கூடையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, சுற்றி இருந்த பொட்டலைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், அப்புறம்தான் அக்காவைப் பார்த்தான். தவசி டிரைவரிடம் கையைக் காட்டி, விசில்கூட அடிக்காமல் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பவுன்தாயிக்கு எத்தனையோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"சாப்ட்டியாடா?"

"இல்லக்கா."

அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை, அவன்தான் வாங்கிப் பற்ற வைத்தான். சோறு கொதிக்கிற வரைக்கும் அவன் பேசினான். எங்கே போவது என்று தெரியாமல், நம் ஆட்கள் கிளம்பிய இடத்தையாவது பார்ப்போம் என்று ஈச்சங்கரைக்குப் போனானாம். முள்ளை வெட்டி, கிணறு தோண்டி, கொஞ்சம் தக்காளி போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டானாம். நேற்றுக் காலையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, மேற்கேயிருந்து ஒரு புளியமரம் வருவதைப் பார்த்தானாம். அதைப் பார்த்ததுமே நம் மரம் என்று தெரிந்துவிட்டதாம். வரப்பு மேல் ஏறி ஒதுங்கி நின்றானாம், ஊர் பக்கத்தில் வந்து நின்றதாம், ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே போனானாம்.

"நம்ம வீடு பூட்டிக் கெடந்துச்சுக்கா. எங்கக்கா எங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தெறக்கல. ஆசாரிதான் சொன்னாரு, உனக்காகப் பழைய ஸ்டாப்புல உக்காந்துருக்கு, எத்தனையோ நாளாச்சுன்னு." அவன் விறகை அடுப்புக்குள் தள்ளினான். "நான் போறேன்னுல்லக்கா சொல்லிட்டு வந்தேன். அப்புறமும் ஏன்க்கா உக்காந்துருந்த?"

"நான் சிரிச்சேன்லடா," என்றாள் பவுன்தாயி. "சிரிச்சிருக்கக் கூடாது. விலை ஏறட்டும்னுதான்டா இழுத்தேன், சத்தியமா. சிரிப்பு எப்படி வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். சோறு அடிப்பிடித்தது.

தீய்ந்த சோற்றைத் தின்றுகொண்டே கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் கட்டை விரலால் காம்புப் பக்கம் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"என்ன தரம்க்கா?"

"கூவித்தான் சொல்லணும். நம்ம ஏலம் இன்னும் முடியல. பாதியில எந்திரிச்சுப் போயிட்டீல்ல நீ."

அவன் சிரித்தான். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவனாகத் தட்டை வைத்தான். "அக்கா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ஊரு திரும்பி வருது. ஆசாரி புதுக் கட்டை வெட்டிட்டாரு. எல்லையில கும்பிட்டுக் கிளம்பும்போது போறோம்னு சொல்லுங்க, இந்தத் தொல்லை இத்தோட போகட்டும்னு தலைவர் சொல்லிப் பாத்தாரு. ஒருத்தருக்கும் நாக்கு திரும்பல. தலைவருக்கே திரும்பல. எல்லாரும் போயிட்டு வாரோம் தாயேன்னுதான் சொன்னாங்க. ஆசாரி சொல்றாரு, பரவால்ல, புதுக் கட்டைல வேலை கெடக்கு, அது முடியுற வரைக்கும் வர வேண்டியதில்லன்னு. ஆனா ஒரு பயம் இருக்கு. போகும்போது மெதுவாப் போன மாடு வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டமா வரும்ல? பழைய எடத்துக்கு நேரா வாரப்ப அந்த மினுமினுப்பு அச்சை முறிக்கணும். கொஞ்சம் முந்தி முறிச்சா வெளிய நின்னுரும், பிந்துனா மலையில போய் முட்டிரும். எடம் இன்னதுன்னு எப்படித் தெரியும், அங்கதான் ஒண்ணுமே இல்லையேன்னு எல்லாரும் கையப் பிசையுறாங்க."

பவுன்தாயி எழுந்தாள். கிழக்கே பார்த்தாள். சாயங்கால வெயிலில், அடிவானத்தில், மாடுகள் வீடு திரும்புகிற நேரத்துப் புழுதி மாதிரி ஒன்று எழுந்து நின்றது. அதற்குள்ளிருந்து நாய்கள் குரைக்கிற சத்தமும் பிள்ளைகள் கத்துகிற சத்தமும் வந்தன. புழுதிக்கு மேலே புளியமரம், வந்த வேகத்தில் இலையெல்லாம் பின்னால் பறக்க, தெரிந்தது.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செம்மண் சதுரங்களுக்கு நடுவில் ஓடினாள். அச்சம்மா கோயில் இருந்த இடம் எது என்று அவளைத் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தினமும் காலையில் நடந்து நடந்து சொன்ன இடம். அங்கே போய் நின்றாள். தம்பியைக் கூப்பிட்டுக் கூடையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். அவன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான், தக்காளி வெயிலில் சிவப்பாகத் தெரிந்தது.

"மொதத் தரம்!"

எத்தனையோ நாளாகக் கூவாத தொண்டை. முதலில் கரகரத்தது, அப்புறம் திறந்துகொண்டது. மலையில் மோதித் திரும்பி வந்தது. புழுதிக்குள் இருந்த அத்தனை சத்தமும் சட்டென்று நின்றது. பவுனக்கா குரல்டா என்று யாரோ கத்தினார்கள். கோடாலியைப் பிடித்துக்கொண்டு கோயிலில் கண்ணை மூடி நின்ற ஆசாரி காதைத் தீட்டிக்கொண்டார்.

"ரெண்டாந் தரம்!"

இந்தத் தடவை அவள் இழுக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. தரை அதிர, பாத்திரங்கள் உருள, வீடுகளும் தோட்டங்களும் சந்தையும் அவள் மேல் ஏறிவிடும்போல வந்தன. மொக்கராசு கூடையை இறக்கவில்லை.

"மூணாந் தரம்!"

வலது கையை ஓங்கி இடது உள்ளங்கையில் அடித்தாள். அதே நேரத்தில் கோடாலி விழுந்தது. அச்சு முறிந்த சத்தமும் கை தட்டிய சத்தமும் ஒன்றாகவே கேட்டன. ஊர் அவளைச் சுற்றி வந்து, ஒரு குலுக்குக் குலுங்கி, நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் அச்சம்மாவுக்கு நேர் எதிரில் நிற்கிறாள், புளியமர நிழல் கோயில் வாசலில் அது விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் தளும்பி, தளும்பி, சமமாகிக்கொண்டிருக்கிறது. மலை பழையபடி பெரிதாக, பக்கத்திலேயே இருந்தது.

பொம்முராஜ் விழுந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். கூடையைப் பார்த்துவிட்டு, "ஏலம் யாருக்கு முடிஞ்சது பவுனு?" என்று கேட்டார்.

"எனக்குத்தான். தக்காளி மொதத் தரம், நானே எடுத்துக்கிட்டேன்," என்றாள் அவள்.

மறுநாளே பொங்கல் வைத்தார்கள். புதுக் கட்டையில் ஆசாரி உளியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கிளம்பலாமா?" என்றார். அந்தத் தடவை கத்திய மாதிரி ஊர் என்றைக்கும் கத்தியதில்லை என்கிறார்கள். தலைவர் போர்டில் கோயிலுக்குப் பக்கத்தில், தயவுசெய்து கட்டையைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள் என்று ஒரு வரி எழுதச் சொன்னார். அது இன்றும் இருக்கிறது, வேனில் வருகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் போட்டோ எடுக்கிறார்கள்.

மொக்கராசு கொஞ்ச நாள் இருந்தான். ஈச்சங்கரையில் பயிர் நிற்கிறது, தண்ணீர் கட்ட ஆள் இல்லை, போயாக வேண்டும். பவுன்தாயி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள், பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள், வழியில் பார்த்த ஆட்களிடமெல்லாம் சிரித்தாள், பேசினாள். பெஞ்சுப் பக்கம் வந்ததும் அதன் மேல் கிடந்த புழுதியை முந்தானையால் தட்டிக்கொண்டு நின்றாள். கிழக்கே போகிற பஸ் வந்து நின்றது. தவசி விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மொக்கராசு படியில் கால் வைத்தான். திரும்பினான்.

"அக்கா."

"சொல்லுடா."

"போயிட்டு வாரேன்."

பவுன்தாயி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது, வந்த குரல் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"சீக்கிரம் வா! இங்க வேலை கெடக்கு!"